பத்து மாதமாக 14ஆம் நாளைப் பார்த்தும் நிற்கவில்லை: கணக்கு எங்கே தவறுகிறது?

தேன்சிட்டு
மார்ச் 4, இரவு 9.40

வணக்கம். இங்கே ஒரு வருடமாக வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நேற்று மறுபடி பீரியட்ஸ் வந்துவிட்டது. இந்தத் தடவை யாரிடமாவது கேட்டே ஆக வேண்டும் என்று எழுதுகிறேன்.

எனக்கு வயது 29, ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியை. கணவருக்கு 32. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. குழந்தைக்கு முயற்சி செய்ய ஆரம்பித்துப் பத்து மாதம் ஆகிறது. அவரால் மாதத்துக்கு இரண்டு தடவைதான் ஊருக்கு வர முடியும். போனில் உள்ள ஆப், பீரியட்ஸ் வந்த நாளிலிருந்து எண்ணி 14ஆம் நாள்தான் கரு தங்கும் நாள் என்று காட்டும் அல்லவா, அதை ஒட்டி ஒரு தடவை வருவார். சம்பளம் போட்ட பிறகு இன்னொரு தடவை. இடையில் இரண்டு வாரம் விலகி இருப்பதும் நல்லதுதான், அணுக்கள் பலமாகச் சேரும் என்று அவருடைய நண்பர் யாரோ சொல்லியிருக்கிறார்.

என் கடைசி ஆறு சுழற்சிகள் 33, 35, 32, 36, 34, 35 நாட்கள். ஆப்பில் முதலில் 28 என்று இருந்ததை நான் மாற்றவே இல்லை. அது ஒரு பிரச்சினையா?

சேர்ந்த பிறகு இடுப்புக்குக் கீழே தலையணை வைத்து அரை மணி நேரம் படுத்திருப்பேன். எழுந்தால் பாதி வெளியே வந்துவிடுகிறது. அதனால்தான் தங்கவில்லையோ என்று பயமாக இருக்கிறது. மாதாமாதம் மாமியார் "தலைக்கு ஊத்திக்கிட்டியாம்மா" என்று மெதுவாகக் கேட்பார். திட்டவெல்லாம் மாட்டார், பாவம். ஆமாம் என்றதும் பேசாமல் அடுப்படிக்குப் போய்விடுவார். அதுதான் தாங்க முடியவில்லை.

விந்தணு உள்ளே எவ்வளவு நேரம் உயிரோடு இருக்கும்? 14ஆம் நாள் என்பது எல்லோருக்கும் பொதுவானதுதானே?


செவிலி அக்கா
மார்ச் 4, இரவு 11.15

டீச்சர், முதலில் அந்தத் தலையணையை எடுத்து வைத்துவிடுங்கள். வெளியே வருவது பெரும்பாலும் விந்துத் திரவம்தான். போக வேண்டிய அணுக்கள் சில நிமிடங்களிலேயே கருப்பை வாய்க்குள் நுழைந்துவிடுகின்றன. நீங்கள் எழுந்து நடந்ததால் எதுவும் கெட்டுப்போகவில்லை.

இனி கணக்கு. நான் கிராம சுகாதார செவிலியராக 22 வருடம் வேலை பார்த்தவள். "14ஆம் நாள்" என்று சொல்லி ஏமாந்து வந்த பெண்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். 14 என்ற எண் பொய் இல்லை. ஆனால் அதை முன்னாலிருந்து எண்ணக் கூடாது, பின்னாலிருந்து எண்ண வேண்டும். கருமுட்டை வெளிவந்த பிறகு அடுத்த மாதவிடாய் வரும் வரை உள்ள காலம் பெரும்பாலானவர்களுக்குச் சுமார் இரண்டு வாரம். ஒன்றிரண்டு நாள் முன்னே பின்னே இருக்கலாம், அவ்வளவுதான். சுழற்சி நீள்வதும் குறைவதும் பெரும்பாலும் அதற்கு முந்தைய பாதியில்தான். 28 நாள் சுழற்சிக்கு 28இல் 14 போனால் 14. எண்ணும் வழி இரண்டும் அங்கே ஒத்துப்போவதால்தான் எல்லோரும் குழம்புகிறார்கள். உங்களுக்கு 35 நாள் என்றால் 35இல் 14 போக 21ஆம் நாள்.

அப்படியானால் உங்கள் கணவர் 14ஆம் நாள் வந்து 15ஆம் நாள் கிளம்பும்போது, முட்டை வர இன்னும் ஆறு ஏழு நாள் இருந்திருக்கிறது. நல்ல நிலையில் உள்ள விந்தணு, நல்ல நேரத்தில் போனால், ஐந்து நாள் வரை தாங்கும். ஏழு நாள் தாங்குவது கடினம். அடுத்த தடவை அவர் வரும்போது முட்டை வந்து போய் ஒரு வாரம் ஆகியிருக்கும். முட்டையின் ஆயுள் 12 முதல் 24 மணி நேரம்தான். பத்து மாதமாக முயற்சி செய்கிறோம் என்று நினைக்கிறீர்கள். என் பார்வையில் நீங்கள் சரியான நேரத்தில் முயற்சி செய்த மாதங்கள் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். உடம்பில் கோளாறு என்று இப்போதே முடிவு கட்ட வேண்டாம்.

இன்னொன்று. முட்டை வந்த பிறகு ஓடிப் போய்ப் பிடிக்க நினைக்கக் கூடாது. விந்தணுதான் முன்கூட்டியே போய்க் கருக்குழாய் அருகில் முட்டைக்காகக் காத்திருக்க வேண்டும். போன உடனே அதனால் கருவாக்கவும் முடியாது. பெண்ணின் உடம்புக்குள் சில மணி நேரம் இருந்து பக்குவப்பட வேண்டும். அதனால் முட்டை வரும் நாளைவிட, அதற்கு முந்தைய இரண்டு நாட்களைத்தான் நான் எல்லோருக்கும் அழுத்திச் சொல்வேன்.


வைகைக்கரை
மார்ச் 5, காலை 6.50

அக்கா சொன்னதோடு ஆண்கள் பக்கம் ஒன்று சேர்க்கிறேன். இரண்டு வாரம் சேர்த்து வைத்தால் பலம் என்பது தவறு. நானும் அதை நம்பி ஏழு எட்டு மாதத்தை வீணடித்தவன். சேர்த்து வைத்தால் எண்ணிக்கை கொஞ்சம் கூடும், உண்மை. ஆனால் பழைய அணுக்கள் தேங்கி நிற்கும், ஓட்டம் குறைந்துவிடும். விந்துப் பரிசோதனைக்குக்கூட 2 முதல் 7 நாள் இடைவெளிதான் கேட்பார்கள், 15 நாள் யாரும் கேட்பதில்லை. எனக்கு டாக்டர் சொன்னது: கரு தங்கும் நாட்களில் தினமும் அல்லது ஒன்றுவிட்டு ஒரு நாள். அதற்கு முன்னால் விரதம் தேவையில்லை.

அப்புறம், அவருடைய வேலை எப்படிப்பட்டது? உலை, பாய்லர் பக்கத்தில் நிற்கும் வேலையா? எனக்கு அப்படித்தான் இருந்தது. விந்தணு உருவாக ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகும். அதனால் இன்று வந்த காய்ச்சலோ சூடோ இரண்டு மாதம் கழித்துத்தான் ரிப்போர்ட்டில் தெரியும். நல்லதும் அப்படித்தான். நான் சிகரெட்டை விட்டு, வேலை இடத்தை மாற்றி, மூன்று மாதம் பொறுத்த பிறகுதான் எண்கள் ஏறின.


நிலாச்சோறு
மார்ச் 5, மதியம் 2.05

தேன்சிட்டு, ஆப்பை விடுங்கள், உங்கள் உடம்பே சொல்லும். நான் சொல்லப்போவது கொஞ்சம் கூச்சமாக இருக்கும், ஆனால் இதை எனக்கு யாரும் சொல்லாததால்தான் மூன்று வருடம் போனது.

எனக்கு மாதத்தில் மூன்று நாள் மட்டும் வழவழப்பாக ஒன்று வரும். வெள்ளைப்படுகிறது என்று நினைத்து வெந்தயம் ஊற வைத்துக் குடிப்பேன், அம்மா சோற்றுக்கற்றாழை கொடுப்பார், திரவம் வாங்கி உள்ளே கழுவக்கூடச் செய்தேன். அது நோயே இல்லை. கருமுட்டை வரப்போகிறது என்பதற்கான அடையாளம். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே எடுத்து மெல்ல விரித்தால் பச்சை முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி அறுபடாமல் இரண்டு அங்குலம் நீளும். கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும். மற்ற நாட்களில் அது இப்படி இருக்காது. மைதாப் பசை மாதிரி விரலில் ஒட்டும், அல்லது ஒன்றுமே இருக்காது.

அந்த வழவழப்பு இருந்தால்தான் விந்தணு பிழைக்கும். பெண்ணின் பிறப்புறுப்பு அமிலத்தன்மை உள்ளது. அங்கேயே தங்கிவிடும் அணுக்கள் சில மணி நேரத்தில் செத்துவிடும். வெள்ளைக்கரு மாதிரியான சளி வரும் நாட்களில் மட்டும் கருப்பை வாய் வழிவிடும். அதன் மடிப்புகளுக்குள் அணுக்கள் ஒதுங்கி, அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலே போகும். ஐந்து நாள் கணக்கு இந்த நாட்களுக்குத்தான் பொருந்தும். முட்டை வெளிவந்ததும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் ஏறி அந்தச் சளி கெட்டியாகிவிடும், கதவு மூடின மாதிரி.

நான் அதைத்தான் மாதாமாதம் கழுவிக்கொண்டிருந்தேன். இப்போது நினைத்தாலும் அழுகை வரும். நாற்றம், அரிப்பு, தயிர் திரிந்த மாதிரி வந்தால் மட்டும் டாக்டரிடம் போங்கள். மற்றபடி உள்ளே எதையும் ஊற்றிக் கழுவ வேண்டாம்.


பனைநுங்கு
மார்ச் 5, இரவு 8.30

மருத்துவம் தெரியாது, தமிழ் படித்தவன். இந்த இழையைப் பார்த்ததும் தொல்காப்பியக் கற்பியல் நூற்பா ஒன்று நினைவுக்கு வந்தது. பரத்தையிடம் பிரிந்து போன தலைவன்கூடத் தலைவிக்குப் பூப்பு நிகழ்ந்த பின் "ஈராறு நாளும்" அவளை நீங்கி இருக்க மாட்டான் என்கிறது. ஈராறு என்றால் பன்னிரண்டு. குழந்தைப் பேற்றுக்கு உரிய காலம் என்பதுதான் காரணம். இதை எழுதிய காலத்தில் முட்டையை யாரும் பார்த்ததில்லை. ஒற்றை நாளைக் குறிக்காமல் பன்னிரண்டு நாளும் கூட இருக்கச் சொன்னது எனக்கு வியப்பாக இருக்கிறது.

பின்னாலிருந்து எண்ணும் முறையைப் பற்றியும் தேடிப் படித்தேன். ஜப்பானில் நிகாட்டா நகரில் வேலை பார்த்த கியூசாகு ஒகினோ என்ற மருத்துவர் 1924இல் இதைக் கண்டறிந்து எழுதியிருக்கிறார். சில ஆண்டுகளில் ஆஸ்திரியாவைச் சேர்ந்த ஹெர்மன் க்னாவுஸும் தனியாக அதே முடிவுக்கு வந்திருக்கிறார். அதற்கு முன்பு ஐரோப்பிய மருத்துவர்களே மாதவிடாய் நின்ற கையோடு வரும் நாட்கள்தான் கரு தங்கும் காலம் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நூறு வருடத்துக்கு முன்புவரை டாக்டர்களுக்கே தெரியாத விஷயம். டீச்சர் தன்னைக் குறை சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை.


செவிலி அக்கா
மார்ச் 5, இரவு 10.20

அருமை பனைநுங்கு. ஆனால் 35, 36 நாள் சுழற்சி உள்ளவர்களுக்கு அந்தப் பன்னிரண்டு நாளும் போதாமல் போகலாம், டீச்சர் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.


கணக்குப்பிள்ளை
மார்ச் 6, காலை 7.30

"எந்த நாளில் எவ்வளவு வாய்ப்பு" என்பதற்கு அமெரிக்காவின் வட கரோலினாவில் ஒரு நல்ல ஆய்வு நடந்திருக்கிறது. ஆலன் வில்காக்ஸ் குழுவினர் 1995இல் வெளியிட்டது. கர்ப்பத்துக்கு முயற்சி செய்த 221 பெண்கள் தினமும் சிறுநீர் எடுத்து வைத்தார்கள், சேர்ந்த நாட்களைக் குறித்து வைத்தார்கள். மொத்தம் 625 சுழற்சிகள். சிறுநீரில் உள்ள ஹார்மோனை வைத்து முட்டை வந்த நாளைக் கணித்தார்கள்.

கரு உண்டான ஒவ்வொன்றிலும் சேர்க்கை நடந்தது ஆறு நாட்களுக்குள்தான். முட்டை வந்த நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாளும். ஐந்து நாள் முன்பு சேர்ந்தால் வாய்ப்பு சுமார் 10 சதவீதம், முட்டை வரும் நாளில் சுமார் 33. மறுநாளிலிருந்து ஒன்றுமே இல்லை. இந்தக் கடைசி வரியை மட்டும் இரண்டு முறை வாசியுங்கள். ஒரு நாள் முந்தினால் பரவாயில்லை, ஒரு நாள் பிந்தினால் அந்த மாதம் போய்விட்டது.

தினமும் சேர்ந்தவர்களுக்கு ஒரு சுழற்சிக்கு 37 சதவீதம், ஒன்றுவிட்டு ஒரு நாள் என்றால் 33, வாரம் ஒரு முறை என்றால் 15. தினமும் என்பதற்கும் ஒன்றுவிட்டு ஒரு நாளுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, வாரம் ஒரு முறை என்றால்தான் பாதியாகிவிடுகிறது. எல்லாம் சரியாக அமைந்த மாதத்திலும் மூன்றில் ஒரு பங்குதான் என்பதைக் கவனியுங்கள். உங்கள் மாமியாருக்கும் இதைச் சொல்லுங்கள்.

உங்கள் எண்களைப் போட்டுப் பார்த்தேன். குறைந்தது 32, அதிகம் 36. முட்டை வருவது 18க்கும் 22க்கும் இடையில். ஐந்து நாள் முன்னால் தள்ளினால் 13 முதல் 22 வரை. அக்கா அழுத்திச் சொன்ன அந்த இரண்டு நாளை மட்டும் முன்னால் சேர்த்தால் 16 முதல் 22 வரை. மார்ச் 3 திங்கள் முதல் நாள் என்றால் 16ஆம் நாள் மார்ச் 18, 22ஆம் நாள் மார்ச் 24. அவர் வர வேண்டியது இந்த வாரம்தான், அதற்கு முந்தைய சனி ஞாயிறு அல்ல.


மருதாணி
மார்ச் 6, மாலை 5.10

எனக்கு இதில் கொஞ்சம் மாற்றுக் கருத்து உண்டு, தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் நான்கு வருடம் கணக்கு போட்டவள். காலையில் எழுந்ததும் வாயில் தெர்மாமீட்டர், மத்தியானம் முட்டை வரப்போவதைச் சிறுநீரில் காட்டும் ஸ்ட்ரிப், ராத்திரி கணவரை எழுப்பிக் காலண்டரைக் காட்டுவது. கடைசியில் எங்களுக்குள் பேச்சே அது ஒன்றுதான் என்று ஆகிவிட்டது. அவர் "நான் மாத்திரை மாதிரி ஆகிவிட்டேன்" என்றார். அன்று இரவு எல்லாவற்றையும் தூக்கி அலமாரியில் வைத்துவிட்டேன்.

தெர்மாமீட்டர் யாருக்கும் சொல்ல மாட்டேன். முட்டை வந்த பிறகுதான் உடல் வெப்பம் அரை டிகிரி செல்சியஸுக்கும் குறைவாக ஏறும். தெரியும்போது நேரம் முடிந்திருக்கும். எனக்குச் சினைப்பையில் நீர்க்கட்டி இருந்ததால் ஸ்ட்ரிப்பும் ஏமாற்றியது. ஸ்ட்ரிப் அளப்பது முட்டையை வெளிவரத் தூண்டும் எல்ஹெச் என்ற ஹார்மோனை; எனக்கு அது எப்போதும் கொஞ்சம் கூடுதலாகவே இருந்ததால் ஒரே மாதத்தில் மூன்று தடவை இரட்டைக் கோடு காட்டும். ஒவ்வொரு தடவையும் நம்புவேன். முட்டை வளர்கிறதா என்று பார்க்கும் ஃபாலிக்குலர் ஸ்கேன் எடுத்த பிறகுதான் அந்த மாதம் முட்டையே வளரவில்லை என்று தெரிந்தது.

சேர்ந்து வாழ்பவர்கள் என்றால் வாரம் மூன்று தடவை, நாள் பார்க்காமல் இருங்கள் என்றே சொல்வேன். தேன்சிட்டு நிலைமை வேறு, மாதத்தில் இரண்டு தடவைதான் பார்க்க முடியும் என்றால் நாள் பார்த்துத்தான் ஆக வேண்டும். ஆனால் அந்த இரண்டு நாளில் ஒரு வேளையாவது குழந்தைப் பேச்சு இல்லாமல் சேர்ந்து சாப்பிடுங்கள் தங்கச்சி.


புதியவள்
மார்ச் 7, இரவு 1.05

மன்னிக்கவும், என் கேள்வி எதிர்ப்பக்கம். எங்களுக்கு ஏற்கெனவே இரண்டு குழந்தைகள். தலைக்குக் குளித்த மறுநாள் பத்திரமான நாள் என்று நம்பித்தான் மூன்றாவது நின்று கலைந்தது. எனக்கு 24, 25 நாளில் வந்துவிடும். பாதுகாப்பான நாள் என்று ஒன்று இல்லையா?


செவிலி அக்கா
மார்ச் 7, காலை 6.15

கஷ்டமாக இருக்கிறது புதியவள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கணக்கைப் போட்டால் காரணம் தெரிந்துவிடும். 25இல் 14 போனால் 11ஆம் நாள். ஐந்து நாள் பின்னே போனால் 6ஆம் நாள். நீங்கள் தலைக்குக் குளித்த கையோடு கரு தங்கும் நாட்கள் தொடங்கிவிடுகின்றன. முட்டை ஒரு நாள்தான், ஆனால் விந்தணு ஐந்து நாள் என்பதை விட்டுவிட்டுப் போடும் எந்தக் கணக்கும் கவிழும். நாளை நம்ப வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காப்பர்டி போட்டுக்கொள்ளலாம், ஊசி உண்டு, ஆணுறை உண்டு. 72 மணி நேர மாத்திரை என்று கடையில் கிடைப்பது முட்டை வெளிவருவதைத் தள்ளிப் போடும் மாத்திரை. முட்டை வந்த பிறகு போட்டால் பயன் இருக்காது. அதனால்தான் எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ அவ்வளவு நல்லது. அதையே மாதாமாதம் நம்பி இருக்கவும் கூடாது.


தேன்சிட்டு
மார்ச் 8, இரவு 9.00

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாளாக அழுதுகொண்டே வாசித்தேன், நிம்மதியில் வந்த அழுகை. அவருக்கு முழு இழையையும் அனுப்பினேன். கூடுதலாக வேலை பார்த்ததற்கு ஈடான லீவு (காம்ப் ஆஃப்) இரண்டு நாள் மிச்சம் இருக்கிறதாம், அதை 20, 21 தேதிகளுக்குப் போட்டுவிட்டார். வைகைக்கரை அண்ணா, உலைப் பக்கம் இல்லை, பேக்கிங் பகுதிதான்.

இரண்டு கேள்வி. ஸ்ட்ரிப்பை எப்போது பார்க்க வேண்டும்? இரட்டைப்படை நாளில் சேர்ந்தால் பையன் என்று பெரியம்மா சொல்கிறார், அதில் உண்மை உண்டா?


கணக்குப்பிள்ளை
மார்ச் 8, இரவு 9.45

இரண்டாவதற்கு நான் சொல்கிறேன். அதே வட கரோலினா ஆய்வில் அதையும் பார்த்தார்கள். சேர்ந்த நாளுக்கும் பிறந்த குழந்தை ஆணா பெண்ணா என்பதற்கும் தொடர்பே இல்லை. எந்தக் குழந்தையாக இருந்தாலும் பெரியம்மா கொஞ்சத்தான் போகிறார்.


செவிலி அக்கா
மார்ச் 9, காலை 6.30

ஸ்ட்ரிப்பை 13ஆம் நாளிலிருந்து தினமும் ஒரே நேரத்தில் பாருங்கள். பள்ளி விட்டு வந்ததும் பார்ப்பது உங்களுக்கு வசதி. அதற்கு முன் இரண்டு மணி நேரம் தண்ணீர் அதிகம் குடிக்காதீர்கள். இரண்டாவது கோடு லேசாக இருந்தால் கணக்கில் சேராது. பக்கத்துக் கோட்டுக்குச் சமமாகவோ அதைவிட அடர்த்தியாகவோ இருக்க வேண்டும். அப்படி வந்தால் ஒன்று ஒன்றரை நாளில் முட்டை வரும். ஸ்ட்ரிப்புக்காகக் காத்திருந்து சேர வேண்டாம். நிலாச்சோறு சொன்ன வழவழப்பு வந்துவிட்டாலே போதும், நேரம் தொடங்கிவிட்டது. கடையில் விற்கும் வழவழப்பு ஜெல் எதுவும் வேண்டாம், பல ஜெல்கள் விந்தணுவின் ஓட்டத்தைக் குறைக்கும். எச்சிலும் வேண்டாம்.

அப்புறம், 35 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் ஒரு வருடம் முயன்ற பிறகு டாக்டரைப் பார்ப்பது வழக்கம், 35 தாண்டினால் ஆறு மாதம். உங்களுக்கு வயது இருக்கிறது. ஆனாலும் தைராய்டு ரத்தப் பரிசோதனையும் அவருக்கு விந்துப் பரிசோதனையும் இப்போதே எடுத்துவிடுங்கள். அவரையும் சேர்த்து. பெண்ணை மட்டும் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைய வைத்துவிட்டுக் கடைசியில் ஆணுக்கு ஒரு எளிய பரிசோதனை எடுக்கும் குடும்பங்களை நிறையப் பார்த்துவிட்டேன்.


வைகைக்கரை
மார்ச் 9, காலை 8.00

ரிப்போர்ட் வந்ததும் அவர் பயப்பட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்கிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டில் ஒரு மில்லிக்கு 1.6 கோடி அணுக்கள் என்பது கீழ் எல்லை, மொத்தத்தில் 3.9 கோடி. குழந்தை பெற்ற அப்பாக்களிலேயே 20 பேரில் ஒருவருக்கு அதைவிடக் குறைவாக இருக்கும் என்று வைத்து எடுத்த எல்லை அது. அதற்குக் கீழே வந்தால் முடியாது என்று அர்த்தமில்லை. ஒரு தடவை குறைவாக வந்தால் இரண்டு மூன்று மாதம் விட்டு மறுபடி எடுக்கச் சொல்வார்கள். எனக்கு முதல் ரிப்போர்ட்டில் 90 லட்சம்தான். என் மகளுக்கு இப்போது நான்கு வயது.


தேன்சிட்டு
மார்ச் 24, இரவு 8.20

சொல்ல வேண்டும் என்று வந்தேன். போன செவ்வாய்க்கிழமையே நிலாச்சோறு சொன்ன அடையாளம் வந்துவிட்டது. விரலை விரித்துப் பார்த்தபோது குளியலறையிலேயே சிரித்துவிட்டேன், இத்தனை வருடம் இதைப் பார்த்தும் பார்க்காமல் இருந்திருக்கிறேன். புதன் அன்று ஸ்ட்ரிப்பில் லேசான கோடு. அவர் வியாழன் விடிகாலை வந்து இறங்கினார். வெள்ளி மாலை நாலரைக்குப் பார்த்தபோது இரண்டாவது கோடு மற்றதைவிட அடர்த்தியாக இருந்தது. 19ஆம் நாள். ஆப் இன்னும் 14 என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறது, நேற்றுதான் அதில் 34 என்று மாற்றினேன்.

ஞாயிறு இரவு அவரை பஸ் ஏற்றிவிட்டேன். மருதாணி அக்கா, சனிக்கிழமை மதியம் வெளியே போய்ச் சாப்பிட்டோம். இந்தப் பேச்சே எடுக்கவில்லை. அவருடைய பரிசோதனைக்கு ஓசூரிலேயே அடுத்த சனிக்கிழமைக்குச் சொல்லி வைத்திருக்கிறார். கர்ப்பப் பரிசோதனை கிட் எப்போது போடலாம்?


செவிலி அக்கா
மார்ச் 24, இரவு 9.10

சந்தோஷம் டீச்சர். கரு உண்டாகியிருந்தாலும் கருப்பையில் ஒட்டுவதற்கு ஏழெட்டு நாளிலிருந்து பத்து நாள் ஆகும். அதன் பிறகுதான் கிட் கண்டுபிடிக்கும் கர்ப்ப ஹார்மோன் சிறுநீரில் ஏறும். இப்போதே போட்டால் ஒற்றைக் கோடுதான் வரும், வீணாக மனம் ஒடியும். உங்களுக்கு ஏப்ரல் 5 வாக்கில் வர வேண்டும். அன்றும் வரவில்லை என்றால் 6ஆம் தேதி காலை முதல் சிறுநீரில் பாருங்கள். ஃபோலிக் ஆசிட் என்ற வைட்டமின் மாத்திரை போடுகிறீர்களா? இல்லையென்றால் நாளையே ஆரம்பித்துவிடுங்கள், கரு நின்ற பிறகு ஆரம்பிப்பதைவிட இப்போதே போடுவதுதான் நல்லது.


தேன்சிட்டு
மார்ச் 24, இரவு 9.25

போடவில்லை அக்கா. நாளை பள்ளி விட்டு வரும் வழியில் வாங்கிவிடுகிறேன். ஏப்ரல் 6 ஞாயிற்றுக்கிழமை. அத்தையும் வீட்டில் இருப்பார். அதுவரை கிட் வாங்கப் போவதில்லை.